நான் சொன்ன ஆமாம்

வட சுவீடனில் நான் வசிக்கும் ஊரில் ‘ஆமாம்’ என்பதற்கு ஒரு சொல் தேவையில்லை. உதடுகளைக் குவித்து, சூடான தேத்தண்ணியை உறிஞ்சுவதுபோல ‘ஷ்ஷுப்’ என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். அவ்வளவுதான். வந்த புதிதில் பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு வயதான பெண்ணிடம், இந்த பஸ் ரயில் நிலையத்துக்குப் போகுமா என்று கேட்டேன். அவர் ‘ஷ்ஷுப்’ என்றதும் நெஞ்சுவலி என்று பயந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு தள்ளி நின்றார். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

இலங்கையின் உக்குவளையில் பஸ் ஏறி, கண்டக்டரிடம் சிங்களத்தில் சண்டை போட்டு, அதே மூச்சில் பக்கத்து இருக்கை டீச்சரிடம் தமிழில் நியாயம் கேட்டு வளர்ந்தவள் நான். மாத்தளையில் இறங்கும்வரை எந்த மொழியில் பேசினேன் என்றுகூட எனக்கு நினைவிருக்காது. யாரும் என்னைத் தப்பாக விளங்கிக்கொண்டதில்லை. இங்கே அலுவலகத்தில் எல்லோரும் நல்ல ஆங்கிலம் பேசுகிறார்கள், நானும் பேசுகிறேன். இருந்தும் ஒரு ‘யெஸ்’ என்னை மாட்டிவிட்டது.

முதியோர் பராமரிப்பு இல்லங்களிலிருந்து வரும் எக்ஸ்எம்எல் கோப்புகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுவது என் வேலை. கோப்பைப் பெட்டிக்குள் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பெட்டி ஒரு மனிதர். அவருக்குள் அவர் இல்லத்தில் தங்கிய காலங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்துகள், மருந்துக்குள் வேளைகள். தரவுத்தளத்தில் பெட்டி கிடையாது, தட்டையான அட்டவணைகள்தான். ஆகவே அந்த மனிதரைப் பிரித்து, பெயரை ஓர் அட்டவணையிலும் மருந்தை இன்னொன்றிலும் போட்டு, எது யாருடையது என்று தெரிய அடையாள எண் கொடுக்க வேண்டும். பழைய கோப்புகளில், ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் விவரம் வெளிப்பெட்டியிலேயே இருந்தது. சில இல்லங்கள் மென்பொருளை மாற்றியபின் அது உள்ளே, தங்கிய காலத்துக்குள் போய்விட்டது. எங்கள் நிரல் அதை வெளியே மட்டும் தேடியது. கிடைக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டது. தாதியின் திரையோ காலிக் கட்டத்தை ‘ஒவ்வாமை எதுவுமில்லை’ என்று காட்டியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. புதிய முறை அடுத்த திங்களன்று தொடங்கவிருந்தது. சோதனையின்போது ஒரு மூதாட்டியின் மூலக்கோப்பைத் திறந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோப்பில் பென்சிலின் கூடவே கூடாது என்றிருந்தது. திரையில் ஒன்றுமே இல்லை.

அந்த வாரம்தான் அம்மா போன் எடுத்தார். அப்பாவுக்குச் சீனி வியாதி. தம்புள்ளையிலிருந்து மரக்கறி கொண்டுவந்து மாத்தளை மார்க்கட்டில் விற்பவர், காலில் வந்த புண்ணைக் கவனிக்காமல் நின்றே வியாபாரம் செய்திருக்கிறார்.

“கண்டி ஆஸ்பத்திரியில காட்டினோம். முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்னு டொக்டர் சொல்றாங்க.”

“நான் வாறேன்மா.”

அப்பா போனைப் பறித்தார். “வந்து என்ன செய்யப்போற? எடுத்த கால வாங்கி வைக்கவா? அங்கயே இருந்து வேலையப் பாரு புள்ள.”

என் வேலை அனுமதி முடிந்து, நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தேன். காத்திருக்கும்போது இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். வெளியேறினால் திரும்பி வர விசா வேண்டும். கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். எங்கள் நிறுவனத்தில் இந்த விஷயங்களைக் கவனிக்கும் பெண்ணிடம், நான் போகலாமா என்று கேட்டேன். “தாராளமாக. யாரும் உங்களைத் தடுக்கவில்லையே” என்று சிரித்தார். போவதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். திரும்பி வருவதைப் பற்றித்தான் நான் கேட்டேன். ஊருக்குப் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டால், அப்பா கடையில் நிற்க முடியாத அந்த வீட்டில் என் சம்பளமும் நின்றுவிடும்.

இந்த மனநிலையோடுதான் திட்டத் தலைவர் இங்கெரிடம் போனேன். கோப்பின் சிக்கலை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் திங்கட்கிழமைக்குத் தயாராகவில்லையா?” என்றார்.

“யெஸ்” என்றேன்.

தமிழில் ‘தயாராகலையா’ என்று கேட்டால், தயாராகாதபோது ‘ஆமா’ என்போம். சிங்களத்திலும் அப்படித்தான். சுவீடிஷ்காரர்களுக்கோ, ‘இல்லையா’ என்ற கேள்விக்கு ஆமாம் சொன்னால் ‘இல்லை, தயார்தான்’ என்று அர்த்தம். இங்கெர் ‘ஷ்ஷுப்’ என்று மூச்சை இழுத்தார். நான் நிம்மதியாக இருக்கைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்திருந்தது. சிக்கல் தீர்ந்தது, திங்களன்று எல்லா இல்லங்களும் புதிய முறைக்கு மாறும், என் உழைப்புக்கு நன்றி. வாடிக்கையாளருக்கும் அனுப்பியிருந்தார். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். அனுமதி நீட்டிப்புக்கு அவர் இன்னும் என்னைப் பற்றி ஒரு உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. எல்லோர் முன்னாலும் அவரைப் பொய்யராக்கிவிட்டு அதை எப்படிக் கேட்பேன்? பேசாமல் இருந்து, சனி ஞாயிறில் நானே இரகசியமாகத் திருத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். முடியாது. எத்தனை இல்லங்கள் எந்தெந்த விதமாக அனுப்புகின்றன என்றே தெரியவில்லை. அந்த மூதாட்டிக்கு யாராவது ஊசி போடுவார்கள், திரையை நம்பி.

இங்கெரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

“நேற்று நான் யெஸ் சொன்னது, தயாரில்லை என்பதற்கு.”

அவர் புருவத்தைச் சுருக்கினார். “ஆனால் நீங்கள் யெஸ் என்றீர்கள்.”

“ஆமாம். யெஸ், தயாரில்லை.”

அவர் முகம் வெளுத்தது. நான் அந்தக் கோப்பையும் திரையையும் காட்டினேன். அவர் என் முன்னாலேயே வாடிக்கையாளரை அழைத்து, தவறு தன்னுடையது, திங்களன்று மாற்ற முடியாது என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இதை உங்களைத் தவிர வேறு யாராலும் சரிசெய்ய முடியாது. எங்கேயும் போய்விடாதீர்கள்.” பாராட்டாகத்தான் சொன்னார். நான் இருக்கைக்குத் திரும்பி வேலையைத் தொடர்ந்தேன்.

அப்பாவுக்கு ஒப்பரேஷன் நடந்தபோது நான் ஒவ்வொரு இல்லத்தின் கோப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலிக் கட்டத்தைத் திரையில் ‘தெரியவில்லை’ என்று காட்டும்படி மாற்றினேன். குளிர்காலம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே வெளியே இருட்டிவிட்டது. தம்பி போன் எடுத்து, “முடிஞ்சிருச்சுக்கா, நல்லாருக்காரு” என்றான். பின்னால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் இரைச்சல் கேட்டது. அம்மா அழுவதும் அதில் கேட்டது, அல்லது வேறு யாரோ. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கோப்புகள் பிழையின்றி ஏறின. இங்கெர் உறுதிமொழியைக் கொடுத்தார். அனுமதி இன்னும் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் வந்தார். தம்பி அவரைக் கடைக்குத் தூக்கிவந்து, கறிமிளகாய்க் கூடைகளுக்கு நடுவே கதிரையில் உட்கார வைத்திருந்தான். கால் இல்லாத பக்கம் மடித்துக் குத்திய சாரத்தை நான் பார்க்காதபடி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“எங்க புள்ள நிக்கிற? ஒரே வெள்ளையா இருக்கே.”

“கடல் மேலப்பா. உறைஞ்சிருச்சு. எல்லாரும் நடக்கிறாங்க, பாருங்க.”

போனைச் சுற்றிக் காட்டினேன். குழந்தைகளைச் சறுக்குப் பலகையில் இழுத்துக்கொண்டு மனிதர்கள் போனார்கள். அப்பா கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

“தாங்குமா?”

“இப்ப தாங்கும்.”

“ரொம்ப நேரம் நிக்காத. கரைக்குப் போ.”

சுற்றிப் பார்த்தேன். பனியில் எது கரை, எது கடல் என்று தெரியவில்லை. “போறேன்பா” என்று சொல்லிவிட்டு, அவர் போனை வைக்கும்வரை அங்கேயே நின்றேன்.