வயது இருபத்தைந்துக்குள், அனுபவம் பத்து வருடம்

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி திறந்தார்கள். கம்பெனி என்றால் ஒரு நெல் மண்டியின் முன் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, இரண்டு முதலாளிகள். ஒருவர் மண்டிக்காரரின் மகன், மற்றவர் அந்த மகனுக்கு அத்தை பிள்ளை. இருவரும் கல்லூரியை விட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. லாட்ஜுகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது அவர்கள் திட்டம். அதற்கு ஆள் கேட்டு பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்: 'புரோகிராமர் தேவை. வயது இருபத்தைந்துக்குள். அனுபவம் பத்து வருடம்.'

மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்கியவன் பையைக் கீழே வைத்துவிட்டு அதை மறுபடி படித்தேன். அப்படி ஒரு ஆள் இருக்க வேண்டுமானால் அவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமல் நேராக வேலைக்குப் போயிருக்க வேண்டும். அனுபவம் என்னிடம் கேட்டதற்கு மேலேயே இருந்தது. சிக்கல் என்னவென்றால் வயதும் அப்படியே. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு.

மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். அட்டையில் துளை போட்டு மெஷினுக்குக் கொடுத்த காலத்திலிருந்து அங்கேதான். என் மனைவி திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு மாற்றல் கிடைக்கவில்லை, எனக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. அதனால் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பும் கணவனாகவே காலம் ஓடியது. என் மகள் சிறு வயதில் என்னை 'லீவு அப்பா' என்றே கூப்பிட்டாள். வார நாளில், வீட்டில், சூடாக, ராத்திரிச் சாப்பாடு. நான் அந்த வேலைக்கு மனுப் போட்டது அதற்காகத்தான். சம்பளம் கம்மி என்று தெரிந்தே போட்டேன்.

நேர்முகத்துக்கு முதல் நாளே லீவில் வந்துவிட்டேன். மறுநாள் காலை மனைவி பள்ளிக்குக் கிளம்பியதும் சலூனுக்குப் போனேன். காதோர நரையை மட்டும் கறுப்பாக்குவது என் உத்தேசம். சலூன்காரர் ஒரு பொடியைக் குழைத்துப் பூசிக் கழுவினார். நரை கறுக்கவில்லை, கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. இன்னொரு முறை பூசினார். இப்போது நல்ல கறுப்பு முடியும் கத்தரிக்காயோடு சேர்ந்துகொண்டது.

"மொட்டை போட்டுடலாம் சார்," என்றார் சற்றும் கலங்காமல். "நம்ம ஊர்ல மொட்டையப் பாத்து எவன் கேள்வி கேக்கப் போறான்?"

மொட்டையில் நரை தெரியாது என்பது எனக்கும் சரியாகப் பட்டது. சம்மதித்தேன்.

அவர் சொன்னது தவறு. எல்லோரும் கேட்டார்கள். பூக்கடை அம்மாள், சைக்கிள் கடைக்காரர், தபால் நிலைய வாசலில் நின்ற பழைய நண்பர், எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "திருப்பதியா? லட்டு எங்க?"

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு கூடாது என்று எழுதியிருந்ததால் வாசலில் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தேன். உள்ளே பெஞ்சில் டை கட்டிய ஓர் இளைஞன் காத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, "உக்காருங்க சாமி," என்றான்.

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

முதலாளிகள் இருவரும் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். மூலையில் மண்டிக்காரர், ஏசிக் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு. கேட்காவிட்டால் வயதைச் சொல்வதில்லை, கேட்டால் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முதல் கேள்வியே அதுதான்.

"நாப்பத்து நாலு. வர்ற மாசம் நாப்பத்தஞ்சு."

மகன் முகம் சுருங்கியது. "இருபத்தஞ்சுக்குள்ளன்னு போட்டிருந்தமே சார்?"

"பத்து வருஷ அனுபவம்னும் போட்டிருந்தீங்க."

"அது இவன் போட்டது."

"வயசு இவன் போட்டது சார்," என்றார் அத்தை பிள்ளை. "சண்டை தீரவே இல்ல. ரெண்டையும் போட்டுட்டோம்."

"வயசானா புதுசு எதுவும் ஏறாதுடா."

"இதுக்கு முன்னாடி நீ வேலைக்கு எடுத்த சின்னப் பையனுக்கு எல்லாம் ஏறிச்சே? அரிசி மில் புரோகிராமைப் பாதில விட்டுட்டு பெங்களூர் பஸ்லயும் ஏறிட்டான். அவன் எழுதி வெச்சது என்னான்னு இன்னிவரைக்கும் எவனுக்கும் புரியல."

மண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "அனுபவம் ஜாஸ்தி, சரி. ஆள் நிக்கணுமே." என் தலையைப் பார்த்தார். "மெட்ராஸ்ல பெரிய வேலை, அத விட்டுட்டு வரேன்றீங்க. சம்பளம் கம்மின்னாலும் பரவால்லன்றீங்க. தலையும் மொட்டை. நான் இந்த ஊர்லயே பொறந்தவன் சார். நம்ம மாடிக்கு ஒரு பேங்க் மேனேஜர் குடிவந்தார். ஒரு பௌர்ணமிக்கு மலை சுத்தப் போனார், காவியோட வந்தார். அவர் பொட்டி இன்னும் நம்ம மாடிலதான் கெடக்குது."

மகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாத்தியாடா? சின்ன வயசுக்காரன் பெங்களூர் போறான். பெரிய வயசுக்காரன் மலைக்குப் போறான்!"

எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது என்று தேரடித் தெருவில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. சாயத்தைப் பற்றிச் சொன்னால் மானம் போய்விடும். மனைவி இந்த ஊரில்தான் என்று சொல்லலாம், ஆனால் அந்த மேனேஜருக்கும் ஒரு மனைவி இருந்திருப்பாள். வேலை என் கண் எதிரே கைநழுவிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு என் மனைவி வந்தாள். விரலில் சாக்பீஸ் தூள்.

"செருப்ப வெச்சிருந்த நேர்த்தியப் பாத்ததும் நீங்க இங்கதான்னு தெரிஞ்சிடுச்சு," என்றாள். பிறகு, "முடி எங்க?"

நான் மொட்டையைத் தடவிக்கொண்டேன்.

"சாமியாராப் போயிட்டீங்கன்னு பூக்கடை அம்மா சொல்லி ஸ்டாஃப் ரூம் பூரா பேச்சு. ஹெச்செம் எனக்குத் தண்ணி குடுத்து உக்கார வெக்கறாங்க. போறதுன்னா போங்க, நான் தடுக்கல. காஸ் புக் பண்ணிட்டுப் போங்க."

"நேத்தே பண்ணிட்டேனே. ரசீது அலமாரில ரெண்டாவது தட்டு, எடது பக்கம், ரேஷன் கார்டுக்கு அடில."

"ரேஷன் கார்டு மேல் தட்டுலதான?"

"மேல் தட்டுல கரப்பான் வருது. போன ஞாயித்துக்கிழமை மாத்தினேன். சொன்னேனே."

மூலையில் துண்டு குலுங்கியது. மண்டிக்காரர் சிரித்து முடிக்கச் சற்று நேரமானது.

"டேய், இவரப் போட்டுக்கங்கடா. கரப்பானுக்காக ரேஷன் கார்ட எடம் மாத்தி வெக்கற மனுஷன் காவி கட்டறதாவது!"

"வயசுப்பா..."

"உன் ஏசி ரூம்ல வெச்சா ஒன்னும் அழுகிட மாட்டார்."

அடுத்த மாதம் சேர்ந்தேன். முடி வளரும்வரை வந்த வாடிக்கையாளர்கள் என்னைக் கண்டதும் கைகூப்பினார்கள். ஒரு லாட்ஜ்காரர் கீபோர்டு பக்கத்தில் இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். நரை வெளியே வந்ததும் மகன்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். நரையைப் பார்த்தால் யாரும் பேரம் பேசுவதில்லையாம். அடுத்து ஆள் எடுத்தபோது நோட்டீசில் வயதும் இல்லை, அனுபவமும் இல்லை. மண்டிக்காரர் சொல்லி ஒரு வரி சேர்ந்திருந்தது: 'குடும்பஸ்தராக இருத்தல் நலம்.'

வேலைக்குச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ராத்திரி தட்டில் தோசை விழுந்து, நான் முதல் துண்டைப் பிய்க்கும்போது, ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டாள்:

"இன்னிக்கு என்ன லீவுப்பா?"