செம்பருத்தி வாய்ப்பாடு

காலைப் பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தபோது கஸ்தூரி டீச்சரின் தம்பி போன் செய்தார். "அக்கா தவறிட்டாங்க சார்" என்றார். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிடுவார் என்று நம்பி, ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை அவர் மேசையிலேயே விட்டு வைத்திருந்தேன்.

ஆரணியில் எங்களுடையது இரண்டு ஆசிரியர் பள்ளி. நான் தலைமை ஆசிரியர். ஒன்றும் இரண்டும் அவருடையது. முன்பு வேறு பள்ளிகளில் அவரோடு வேலை பார்த்த ஆசிரியர்களான உங்களுக்குத் தெரியும், அவர் கைப்பையில் சாக்பீஸைவிட வேப்பங்கொட்டைதான் அதிகம். பிள்ளைகளை வேலியோரம் நிறுத்தி, எது நிறைய, எது கொஞ்சம், எது மிச்சம் என்று பேச வைப்பார். "மொதல்ல வாயில வார்த்தை வரட்டும் சார். நம்பர் பின்னாலயே வந்துடும்" என்பார்.

ஐந்தாம் வாய்ப்பாடு செம்பருத்தியில் நடக்கும். ஒரு பூவுக்கு ஐந்து இதழ், மூன்று பூவுக்குப் பதினைந்து. ஒருநாள் ஒருத்தி வீட்டிலிருந்து அடுக்குச் செம்பருத்தியைப் பறித்து வந்துவிட்டாள். இதழ்கள் எண்ணி மாளவில்லை. வகுப்பே சிரிக்க, அவள் அழுதாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, அந்த ஒரு பூவை எல்லோரையும் எண்ண வைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

போன வருடம் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒரு பையனிடம் மூன்று ஐந்து எவ்வளவு என்று கேட்டார். அவன் ஜன்னல் வழியே வேலியோரச் செம்பருத்திச் செடியைப் பார்த்தான். "வாய்ப்பாடு கேட்டா செடியைப் பாத்துகினு இருக்கான்" என்று அதிகாரி சிரித்தார். அவன் மனதுக்குள் எண்ணுகிறான், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மானம் போன கோபத்தில், இனிமேல் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகக் கூடாது என்று அன்று மாலையே டீச்சரிடம் சொல்லிவிட்டேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "சரிங்க சார்" என்றார், அவ்வளவுதான். பிறகு நான்கு சுவருக்குள்ளேயே பாடம் நடத்தினார். உடம்பு கெட்டு லீவில் போகும்வரை அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இப்போது ஒன்றாம் வகுப்பும் என் தலையில்தான். முந்தாநாள் பிள்ளைகளை வேலியோரம் அழைத்துப் போனேன். வரிசையாக நின்றார்கள், நானும் நின்றேன். "இப்ப என்னா பண்ணணும் சார்?" என்று ஒரு குழந்தை கேட்டது. இத்தனை வருடம் பக்கத்து அறையில் இருந்தும், அவர் பாடம் நடத்துவதை ஒருநாள்கூட நான் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. வெயில் அதிகம் என்று பொய் சொல்லி உள்ளே கூட்டி வந்துவிட்டேன். டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற வெட்கம் மட்டும்தான்.