ஏழு ஒன்றுகள்

ஓசூரில் கணக்கு வாத்தியாராக இருந்த தீர்த்தகிரிக்கு, ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணின்மேல் ஒரு பித்து. பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அது எதனாலும் வகுபடாது, பகா எண்தான் என்று அவர் மனம் சொன்னது. நிச்சயப்படுத்த வேண்டுமானால் ஆயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தாக வேண்டும். கைக்குக் கிடைத்த அட்டவணை ஒரு கன்னடப் புத்தகத்தில் இருந்தது, இலக்கங்களும் கன்னடம். அவருக்கு அந்த எழுத்து தெரியாது, பேச்சு அரைகுறையாகப் புரியும். கன்னடம் பேசும் தளியில் பிறந்த மனைவி கெம்பம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டே வாசிப்பாள், அவர் வகுப்பார்.

"மீதி வந்துச்சாங்க?"

"வந்துச்சு."

"நல்லதாப் போச்சு" என்பாள், யாருக்கோ காய்ச்சல் விட்டதுபோல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருஷப் பள்ளி விழாவில் மேடையேறி அறிவித்தார். கைதட்டினார்கள். மறுநாள் ஆசிரியர் அறையில் இன்னொரு கணக்கு வாத்தியாரான சென்னப்பன் தயங்கியபடி வந்தார்.

"சார், இருநூத்தி முப்பத்தொம்பதால போட்டுப் பாத்தீங்களா? நாலாயிரத்து அறநூத்தி நாப்பத்தொம்பது தடவ போவுது. மீதியே இல்லீங்க."

தீர்த்தகிரி தன் கணக்குத் தாள்களைப் புரட்டினார். 293ஆல் இரண்டு முறை வகுத்திருந்தார். 239ஐக் காணோம். கன்னடத்தில் ஒம்பத்து என்றால் ஒன்பது, தொம்பத்து என்றால் தொண்ணூறு. முப்பத்தொன்பதை அவள் மூவத்தொம்பத்து என்று சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். மூன்றும் தொண்ணூறுமாகப் பிரித்துக் கேட்டது அவர் காது. அது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்ல அவதான் வாசிச்சா. தப்பா வாசிச்சிட்டா."

"பொண்ண தளியில எடுத்தா கணக்கும் கன்னடத்துலதான் வரும்" என்றார் தமிழ் வாத்தியார் முனிவேல்.

சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார். திரும்பினால், சாப்பாட்டுத் தூக்குடன் கெம்பம்மா வாசலில் நின்றிருந்தாள்.

மாலையில் அவளே புத்தகத்தை எடுத்துவந்து விரல் வைத்து வாசித்தாள். "இன்னூர மூவத்தொம்பத்து. நான் தப்பா வாசிச்சனாங்க?"

"இல்ல."

"அப்ப அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"நாளைக்குச் சொல்றேன்."

அந்த நாளை வரவேயில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அதன்பின் வீட்டில் எந்த எண்ணையும் கன்னடத்தில் சொல்லவில்லை. பால்காரனிடம்கூட ஒரு கணம் நிறுத்தி, தமிழில் தேடிச் சொன்னாள். அந்த ஒரு கணம் ஒவ்வொரு காலையும் அவரைக் குத்தியது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அவள் போய்ச்சேர்ந்தாள். துக்கம் விசாரிக்க வந்த சென்னப்பன், நல்லதாக ஏதாவது சொல்ல நினைத்து, "உங்களுக்காக உக்காந்து அத்தன நம்பர் வாசிச்சாங்களே சார். பாவம், ஒண்ணே ஒண்ணுதான் தவறிப்போச்சு" என்றார்.

"அவ சரியாத்தான் வாசிச்சா. எங்காதுதான் தப்பு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

சென்னப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த நேரத்துல அப்படித்தான் சார் தோணும். போனவங்களக் குத்தம் சொல்ல யாருக்கு மனசு வரும்?"

பக்கத்திலிருந்த முனிவேலும் ஆமாம் என்று தலையாட்டினார். தீர்த்தகிரி இன்னொரு முறை சொன்னார். அவர்கள் இன்னும் கனிவாகப் பார்த்தார்கள்.