கவர்னரின் அதிகாரமும் என் கைப்பையும்

1935ஆம் வருஷத்துப் புதிய இந்திய அரசாங்கச் சட்டம் வந்திருந்த சமயம். கோயமுத்தூர் கோர்ட்டில் வழக்கு இருக்கிற வக்கீலும் இல்லாத வக்கீலும் அதைப் பற்றியே பேசினார்கள். மந்திரிகள் சொல்வதைக் கவர்னர் தட்டிவிடலாமா, தட்டினால் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்று வக்கீல் அறையில் தினமும் காரசாரமான வாதம். எனக்கு அதிலெல்லாம் பெரிய அக்கறை இல்லை. எனக்கு வேண்டியது மெட்ராஸ்.

எங்கள் சீனியர் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தார். ஒரே ஒரு ஜூனியரைத்தான் கூட அழைத்துப் போவார். நான் அவரிடம் ஆறு வருஷமாக இருந்தேன். இன்னொருவன் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன் வந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. நான் முட்டி மோதி மனப்பாடம் செய்வதை அவன் காபி குடித்துக்கொண்டே சொல்லிவிடுவான். நான் எழுதிய மனுவைச் சீனியர் பக்கத்துக்குப் பக்கம் அடித்துத் திருத்துவார். அவன் எழுதியதைப் படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலை நினைத்துக்கொண்டே ஊர்க்கோடியில் கணபதியில் இருந்த வீடு வரைக்கும் சைக்கிள் மிதிப்பேன். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை வக்கீல் சங்கத்தில் விவாதம் வைத்தார்கள். கவர்னருக்குத் தனி அதிகாரம் வேண்டும் என்று நான் பேச வேண்டும், கூடாது என்று அவன். தலைமை எங்கள் சீனியர். மெட்ராஸ் யாருக்கு என்பது அங்கேதான் முடிவாகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். சங்கத்து நூலகத்தில் சட்டத்தின் அச்சுப் பிரதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புதன்கிழமையே அதைப் பதிவேட்டில் எழுதாமல் என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவன் என்னிடமே வந்து நின்றான்.

"ஏனுங்கண்ணா, லைப்ரரில அந்த ஆக்ட்டைக் காணமுங்க. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குதுங்களா?"

என்னிடம் பழைய மசோதாப் பிரதி ஒன்று இருந்தது. மசோதா சட்டமாவதற்குள் பிரிவு எண்கள் மாறிவிட்டன. சில இடங்களில் வாசகமும் மாறியிருந்தது.

"இதை வெச்சுக்குங்க தம்பி. எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை நான்தான் முதலில் பேசினேன். கவர்னர் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு எண்களை அடுக்கி, மேஜையைத் தட்டிப் பேசினேன். அடுத்து அவன் எழுந்து சபைக்குக் கும்பிடு போட்டான்.

"என் கையில இருக்கறது மசோதாதானுங்க. அண்ணன் குடுத்தாருங்க. சட்டத்துல வாசகம் மாறியிருந்தா அண்ணனே திருத்திப் படிச்சுருவாருங்க."

எதிர்த்தரப்பு தவறான வாசகத்தைப் படித்தால் எழுந்து சரியானதை வாசித்துக் காட்டுவது எங்கள் தொழிலில் மரியாதை. ஜென்மப் பகையாளிகூட அதை மீறமாட்டான். மீறினவனோடு மறுநாள் காபி கிளப்புக்குக்கூட யாரும் போகமாட்டார்கள். அவன் அந்த மரியாதையை நம்பி ஒரு பிரிவைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

சீனியர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ சொன்ன நம்பரு வேற, அவன் சொல்ற நம்பரு வேற. நீ எதைப் பார்த்துப்பா படிச்சே?"

புத்திசாலித்தனமாகச் சரியான எண்களை அடுக்கியதே எனக்கு வினையாகிவிட்டது. வேறு வழியில்லாமல் பையைத் திறந்து புத்தகத்தை வெளியே எடுத்தேன். அட்டையில் சங்கத்து முத்திரை பளிச்சென்று தெரிந்தது. நான் எழுந்து சரியான வாசகத்தைப் படித்தேன். அது அவன் கட்சிக்குத்தான் இன்னும் தோதாக இருந்தது. என் வாயாலேயே படித்துக் கொடுத்தேன். அவன் வாதாடி முடித்தான். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

திங்கட்கிழமை அவன் என்னைத் தேடி வந்தான்.

"ஐயா என்னைய மெட்ராசுக்கு வரச் சொல்லிப்போட்டாருங்கண்ணா. உங்களையும் கூட்டிட்டுப் போலாமுங்கன்னு கேட்டுப் பார்த்தேன். ஐயா வேண்டாமுன்னுட்டாருங்க."

அவன் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். துளிகூட இல்லை. நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருந்தால்கூட மறந்து தொலைத்திருப்பேன். எனக்காகப் போய்ப் பரிந்து பேசினானே, அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.