பிழிதல்

தில்லியில், தொழிற்பயிற்சி நூல்களைத் தமிழாக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே பொறியியல் படித்தவள் நான் ஒருத்திதான். எங்கள் தட்டச்சாளர் சேலைக்கு மேல் சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஊக்கால் எழுத்தச்சுகளைச் சுத்தம் செய்வார்.

'எக்ஸ்ட்ரூஷன்' என்பதற்கு ஒரு வாரமாகத் தமிழ்ச் சொல் தேடினேன். ஒன்று, உந்துருவாக்கம். இரண்டு, துளைவழி வார்ப்பு. மூன்று, புறந்தள்ளல். பட்டியலை அவரிடம் நீட்டினேன்.

"அப்படின்னா என்ன மேடம்?"

"சூடான அலுமினியத்தை அச்சு ஓட்டை வழியா அழுத்தினா நீளமா கம்பி வரும்."

"முறுக்கு பிழியற மாதிரியா? அப்ப பிழியறதுதானே?"

பக்கத்து மேசை அதிகாரி நிமிர்ந்தார். "அச்சா! ரொம்ப நன்னாருக்கு, அதையே போடுங்கோ."

எனக்கு முகம் சுட்டது. மூன்றையும் அடித்துவிட்டு 'பிழிதல்' என்று எழுதினேன். நூலின் கலைச்சொல் பட்டியலில், தொகுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் போட்டேன். தட்டச்சாளரின் பெயரையும் சேர்த்திருக்கலாம்.

என் பெயரை அவர்தான் தட்டச்சு செய்தார், ஓர் எழுத்துப் பிசகாமல். பிறகு ஊக்கை எடுத்தார்.

"ஜல்தி சரிபார்த்துக் குடுங்க மேடம், பஸ் போயிடும்."

சொல்லை நான் எடுத்துக்கொண்டேன். அதை அவர் அத்தனை சுலபமாக விட்டுவிட்டுப் போனதை நினைத்தால் இன்றும் பொறாமையாக இருக்கிறது.