பத்து நிமிசம்

2018 ஆகஸ்ட் பன்னிரண்டாம் திகதி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு லண்டன் மோர்டனிலிருந்து கோடைச் சுற்றுலா கோச் புறப்பட்டது. சிவனேஸ்வரி கடைசியாக ஏறினாள். விடியமுன் எழும்பிச் சமைத்த இடியப்பம், இறைச்சிக் கறி, ரோல்ஸ் எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க வேண்டியிருந்தது. ஐம்பது பேருக்குச் சாப்பாடு.

கணவர் ஞானேஸ்வரன் ஜன்னலோரத்தில், முகம் துடைக்கும் கைலேஞ்சியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்து அவளுக்கு இடம் பிடித்திருந்தார். ஊர் பஸ்ஸில் தொடங்கிய பழக்கம், லண்டனிலும் விடவில்லை.

"அண்ணை, இது புக் பண்ணின கோச்!" பின்னாலிருந்து ஒருவர் சீண்டினார்.

"புக் பண்ணினது கோச்சைத்தானே, ஜன்னலை இல்லையே."

இந்தமுறை ஸ்டாம்ஃபோர்டுக்குப் போவோம் என்று சொன்னவரே அவர்தான். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் கட்டட வேலை செய்தவர். வெளிர்மஞ்சள் கல்லில் கட்டி, நூற்றாண்டுகளாகக் குலையாமல் நிற்கும் அந்தச் சந்தை நகரை டிவியில் கண்ட நாளிலிருந்து, அவளுக்குக் காட்டவேண்டும் என்று அந்தரப்பட்டார்.

போய் இறங்கியதும் எல்லோரும் கார் பார்க்கிலேயே பாய் விரித்தார்கள். சட்டிகள் திறந்தன.

"இஞ்சேரும், டிவியில கண்ட அந்தத் தெருவை ஒருக்காப் பாத்திட்டு வருவம்," என்று ஞானேஸ்வரன் அவளைக் கூப்பிட்டார்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ. பத்து நிமிசத்தில வாறன்."

"சிவாக்கா, இன்னும் கொஞ்சம் கறி!" என்று யாரோ கேட்டார்கள். கேட்டால் அவளுக்கு மனம் நிறைந்துவிடும். பிறகு தேநீர். பிறகு சட்டி கழுவல். இரண்டு மணித்தியாலம் கழித்து அவர் தனியே வந்தார்.

"என்னப்பா பாத்தனீங்கள்?"

"கல்லு வீடுகள்."

மோர்டன் வரும்வரை வேறொன்றும் பேசவில்லை. அடுத்த வருடம் கட்டாயம் போகலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பெப்ரவரியில், வேலைக்குப் போன இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை.

அன்று அவர் கோபித்துக்கொண்டாரா? கேட்க ஆளில்லாத கேள்வி அவளோடேயே இருந்தது. ஒவ்வொரு கோடையும் ட்ரிப்புக்குச் சமைக்கக் கூப்பிட்டார்கள். "ஏலாது பிள்ளை," என்பாள். காரணம் சொன்னதில்லை.

ஆறு வருடம் கழிந்த ஒரு மத்தியானம், அந்தப் பயணத்துக்கு வந்திருந்த லக்‌ஷிகா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். கல் தேவாலயம், முன்னால் உட்கார ஒரு மர வாங்கு. அதன் ஓரத்தில் ஞானேஸ்வரன். பக்கத்தில், சுருக்கமில்லாமல் விரித்த கைலேஞ்சி.

கீழே எழுதியிருந்தாள்:

"அன்ரி, பழைய ஃபோனில இருந்தது. நான் அதில இருக்கப் போக, 'அன்ரி வருவா பிள்ளை, பத்து நிமிசம்' எண்டு சிரிச்சவர். நாங்கள் ஊர் முழுக்கச் சுத்திட்டு வரேக்கையும் அதிலதான் இருந்தவர்."