காணாமல் போன ஊசி

தையல்காரம்மாவுக்கு, தைத்து முடித்த ஊசியை நூலோடு சட்டைத் தோளில் குத்திக்கொள்ளும் பழக்கம். ஒருநாள் இரவு அசதியில் அதை எடுக்க மறந்து, நாய்க்குட்டியை அணைத்தபடி தூங்கிவிட்டாள். விடிந்ததும் தோளைத் தடவினால் ஊசியைக் காணோம். பக்கத்தில் குட்டி செருமிச் செருமி இருமியது. வாயைத் திறந்து பார்த்தாள். நாக்குக்கு அப்பால் வெள்ளை நூல் தெரிந்தது.

"என்னங்க, எந்திரிங்க! புள்ள ஊசிய முழுங்கிடுச்சு!"

"நாயோட படுக்காதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?" என்று கத்திய கணவர் நூலை இழுக்கக் கை நீட்டினார்.

"ஐயோ, இழுக்காதீங்க! உள்ள குத்திக் கிழிச்சிடும்!"

'கடவுளே, என் மறதிக்கு இந்த வாயில்லா ஜீவனைத் தண்டிக்காதே' என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே கால்நடை டாக்டரிடம் ஓடினாள். அவர் மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் குத்தி நின்ற ஊசியை இடுக்கியால் எடுக்கும்வரை அவள் குட்டியின் காலை விடவில்லை.

அன்றிரவு சட்டையை மாற்றிக்கொண்டுதான் படுத்தாள். கணவரே குட்டியைத் தூக்கித் தன் பக்கம் போட்டுக்கொண்டார்.

"இங்க படுடா. அவகிட்ட படுத்தா உன் உசுருக்கு உத்தரவாதம் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குறட்டை விட்ட பிறகும், அவரைத் தாண்டிக் கையை நீட்டி, குட்டியின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.